கலியாணத்துக்கு வந்த நோயாளி

பல்லுப் பிடுங்கினால் இருதயம் பழுதாகும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு நான் இப்ப எழுதினால் அது சுத்தப் பொய். சொன்னவை. பத்து வயசில மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்து மூண்டு மாதம் பாயில கிடந்தனான். அந்தக் காய்ச்சல் போகேக்க இருதயத்தில ஒரு வால்வைப் பழுதாக்கிப்போட்டுப் போச்சு எண்டு அப்பவே டொக்டர் அம்மாவுக்குச் சொல்லி, ஒரு நீல அட்டையும் தந்தவர். பல்லுப் பிடுங்கப் போனால் இதைக் காட்ட வேணும், முதலில மருந்து குடிச்சிட்டுத்தான் குறடு வைக்க வேணும் எண்டு அதில எழுதியிருந்தது. ஒருமுறை சண்டையில இடம்பெயர்ந்து ஓடேக்க அந்த அட்டை வீட்டோட போச்சு. அட்டை போனால் புத்தியும் போக வேணும் எண்டில்லை. எனக்குப் போச்சு.

நான் தோப்பூருக்குப் பக்கத்தில ஒரு பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சுக் கொண்டிருந்தனான். பல்டொக்டர் மூதூருக்கு மாதத்தில ஒருநாள்தான் வருவார். கடைவாய்ப் பல்லுக் குத்து தாங்க ஏலாமல் போய் லைனில நிண்டனான். ஏதும் வருத்தம் இருக்கோ எண்டு அவர் கேட்டவர்தான். எனக்குப் பின்னால அவ்வளவு சனம். நாலு மணிக்குப் பிறகு றோட்டில நடமாட ஏலாது. இருதயம், காய்ச்சல் எண்டு கதை சொல்ல வெளிக்கிட்டால் அடுத்த மாதம் வா எண்டு அனுப்பிப் போடுவார் எண்டு பயந்து, ஒண்டும் இல்லை எண்டனான். ரெண்டு நிமிசத்தில பல்லு வெளியில.

மூண்டு கிழமையில காய்ச்சல் துவங்கினது. பின்னேரம் நடுக்கம், விடிய வியர்வை. எங்கட பக்கம் அந்த நாளில காய்ச்சல் எண்டால் மலேரியா, வேற கதையே இல்லை. இரத்தம் எடுத்துப் பார்த்துக் கிருமி இல்லை எண்டவை. அப்பிடியும் கைப்புக் குளிசையைத் தந்தவை, நானும் விழுங்கினனான். பிறகு என்ர மனுசன் சந்திரன், மருந்துக்கடையில சொல்லி வேற குளிசை வாங்கித் தந்தார். அதுக்குக் காய்ச்சல் ரெண்டு நாள் ஒளிச்சு நிண்டு திரும்ப வந்தது. சட்டையெல்லாம் தொளதொளத்துப் போச்சு. ஒருநாள் கரும்பலகையில எழுதேக்க விரல் நுனியில ஒரு சிவப்புக் கட்டி, தொட்டால் உயிர் போற நோ. நகத்துக்குக் கீழ சிராம்பு ஏறினது போலக் கறுத்த கோடுகள். அதுக்குப் பிறகுதான் பிள்ளைகள் ரெண்டையும் பக்கத்து வீட்டில விட்டிட்டு, மூதூரால கடலைக் கடக்கிற லோஞ்ச் ஏறித் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போனனாங்கள்.

அங்க இருந்த டொக்டர் குழாயை நெஞ்சில வைச்சுக் கன நேரம் கேட்டார். என்ர விரலைப் பிடிச்சு வெளிச்சத்தில பார்த்தார். பிறகு, கிட்டடியில பல்லு ஏதும் பிடுங்கினீங்களோ எண்டார். களவெடுத்த சாமான் மடியில இருந்து விழுந்த மாதிரி எனக்கு முகம் எரிஞ்சது.

அவர் விளங்கப்படுத்தினதை அப்பிடியே சொல்லுறன், ஆருக்காவது உதவும். இருதயத்துக்குள்ள நாலு வால்வு, நாலு கதவு போல. என்ர ஒரு கதவு சின்ன வயசுக் காய்ச்சலில சொரசொரத்துப் போய் இருந்தது. பல்லுப் பிடுங்கேக்க வாயில இருக்கிற கிருமி இரத்தத்துக்குள்ள போய், அந்தச் சொரசொரப்பில ஒட்டிப் பிடிச்சுப் பாசி மாதிரிக் கட்டியா வளருது. கட்டிக்குள்ள மருந்து லேசில போகாது. அதால குளிசை சரிவராது. நாலு கிழமைக்கு நரம்பால ஊசி போட வேணும். இடையில ஒரு நாள் விட்டாலும் மிஞ்சி இருக்கிற கிருமி திரும்பத் தலை தூக்கும், கதவை அரிச்சுப் போடும். கட்டியில ஒரு துண்டு கழண்டு மூளைக்குப் போனால் கை கால் இழுத்துப் போடும். இதையெல்லாம் அவர் சத்தம் கூட்டாமல், மழை வரும் எண்டு சொல்லுறவர் போலச் சொன்னார்.

மூண்டு தரம் மூண்டு இடத்தில குத்தி இரத்தம் எடுத்துப் போத்தலில விட்டுக் கொழும்புக்கு அனுப்பினவை. கிருமியை வளர்த்துப் பார்த்து அதின்ர பேரைக் கண்டுபிடிக்கிறதாம். கடையில வாங்கின குளிசையை விழுங்கினதால கிருமி ஒளிச்சிருக்கும், லேசில பிடிபடாது எண்டு டொக்டர் சந்திரனைப் பார்த்தார். அந்த மனுசன் தலையைக் குனிஞ்சு கொண்டு நிண்டது. எனக்கு அவரைப் பார்க்கக் கோவமும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த நாள் அவர் பிள்ளைகளிட்டத் திரும்பிப் போனார். அதுக்கு அடுத்த நாள் கடலில வெடிச்சத்தம் கேட்டது, லோஞ்ச் நிண்டு போச்சு. அக்கரையில அவையள், இக்கரையில நான்.

ரெண்டு கிழமை ஆஸ்பத்திரி வாட்டில. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஊசி. பக்கத்துக் கட்டிலில குறிஞ்சாக்கேணியால வந்த ஆயிஷா உம்மா. அவவுக்குக் கொண்டு வாற கஞ்சியில பாதி எனக்கு. வேண்டாம் எண்டால் கோவிப்பா. நாங்கள் ரெண்டு பேரும் யன்னலால வாசலைப் பார்த்துக் கொண்டு கிடப்பம். வாகனம் வேகமா வந்து நிண்டால் காயக்காரர். முதலில தாழ்வாரத்தில பாய் போட்டவை, பிறகு கட்டிலுக்குக் கீழ. ஒருநாள் டொக்டர் என்ர கால்மாட்டில வந்து நிண்டார். கட்டில் தேவைப்படுது எண்டு அவர் சொல்ல முதலே எனக்கு விளங்கிப் போச்சு.

புது மருந்து ஒண்டு இருக்கு, நாளுக்கு ஒரு ஊசி காணும், பேர் செஃப்ட்ரியாக்சோன் எண்டார். டவுனில ஆற்றையும் வீட்டில நிண்டு கொண்டு நாளும் காலமை வந்து போட்டிட்டுப் போங்கோ, இன்னும் பதினாலு ஊசி. ஊரடங்கு போட்டால் வர ஏலாது, அதுக்கு வீட்டில ஒரு ஆள் ஊசி போடப் பழக வேணும். "இது நான் விரும்பிச் செய்யிற வேலை இல்லை," எண்டார். "ஆனால் ஒரு ஊசியும் விடக் கூடாது. ஒண்டும்." என்ர இடக்கையில ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைக் குத்திப் பிளாஸ்டர் ஒட்டி விட்டவை. அதுக்குள்ளாலதான் மருந்து போகும்.

வெளிக்கிடேக்க ஆயிஷா உம்மா அந்தக் கையைப் பார்த்தா. தன்ர பையைத் திறந்து ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்துத் தந்து, "இந்தக் கைய மூடிட்டுப் போ புள்ள," எண்டா. ஏன் எண்டு கேக்க வேண்டியிருக்கேல்லை. கையில ஊசிக் குழாயோட இளம் தமிழ்ப் பொம்பிளை றோட்டில போனால், எந்தச் சண்டையில காயப்பட்டவ எண்டுதான் ஆமிச் சென்றியில மறிச்சுக் கேப்பாங்கள்.

டவுனில எனக்கு இருந்தது ஒரே ஒரு வீடு. ஓர்ஸ் ஹில்லில என்ர மச்சாள் தவமணியின்ர வீடு. சந்திரனின்ர தமக்கை. கலியாணம் கட்டேல்லை, கந்தோர் ஒண்டில ரைப்பிஸ்ட். தான் பார்த்து வைச்ச பொம்பிளையை விட்டிட்டுத் தம்பி என்னைக் கட்டினவர் எண்டு எங்கட கலியாணத்துக்கும் வரேல்லை. எட்டு வருசமாக் கதை இல்லை. கேற்றடியில போய் நிண்டு கூப்பிட்டனான். வந்து பார்த்தா. கேற்றைத் திறந்தா. "காய்ச்சல்காரி வெயிலில நிக்காத, உள்ள வா," எண்டா. எட்டு வருசக் கோவம் அதோட முடிஞ்சுது எண்டு நினைக்க வேண்டாம். அண்டைக்கு மத்தியானமே என்ர சமையலைப் பற்றி ஒரு குத்தல் கதை வந்தது.

ஊசி எண்டால் பயம் அவவுக்கு. டொக்டர் பழக்கேக்க ஆஸ்பத்திரிக் கதிரையில இருந்து வேர்த்துக் கொட்டினா. பழகினா. தூள் மருந்துக்குள்ள தண்ணி விட்டுக் கரைச்சு, காத்தை வெளிய தள்ளி, மெதுவா, இருநூறு எண்ணும் மட்டும் தள்ள வேணும். முதல் நாள் எண்பதிலயே தள்ளி முடிச்சுப் போட்டுக் கண்ணை மூடிக் கொண்டு நிண்டா. பத்து மணி எண்டால் பத்து மணி. போட்டு முடிச்ச உடன குசினிச் சுவரில தொங்கின கலண்டரில அந்த நாளுக்கு ஒரு பென்சில் புள்ளடி போடுவா. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டாலும் வந்து புள்ளடி போடுறது அவதான்.

இனி அந்தப் பட்டியல் கதையைச் சொல்ல வேணும். அந்த நாளில டவுனில ஒவ்வொரு வீட்டிலயும் ஆர் ஆர் இருக்கினம், வெளியால வந்த ஆள் எண்டால் ஏன் வந்தது, எப்ப போறது எண்டு எழுதி, வீட்டுக்குப் பொறுப்பான ஆள் கையெழுத்து வைச்சு ஆமிக் காம்பில பதிய வேணும். ஒரு பிரதி கதவுக்குப் பின்னால ஒட்டியிருக்க வேணும். மச்சாள் காலமெல்லாம் படிவத்தோட சீவிச்ச ஆள். எதை எழுதினால் கேள்வி வராது எண்டு தனக்குத் தெரியும் எண்ட எண்ணம். என்ர பேரையும் வடிவா ரைப் அடிச்சுப் பதிஞ்சிட்டு வந்து ஒட்டினா. நான் போய் வாசிச்சன். வந்த காரணம்: உறவினர் திருமணம்.

எனக்குப் பொல்லாத கொதி வந்தது. ஆஸ்பத்திரியால வந்தனான் எண்டு எழுதினால் என்ன, டொக்டர் தந்த கடிதம் இருக்குத்தானே எண்டு கத்தினன். அவ ஆறுதலாச் சொன்னா, அக்கரையால வந்த முப்பத்திரண்டு வயசுக்காரி, சிகிச்சை எண்டு எழுதினால் காயம் எங்க எண்டு கேப்பாங்கள், கலியாணம் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்கள் எண்டு. பட்டியலில கலியாணம், கையில ஆஸ்பத்திரிக் கடிதம் எண்டு இருக்கக் கூடாது எண்டு அந்தக் கடிதத்தையும் அலுமாரியில சீலைக்குக் கீழ வைச்சுப் பூட்டினா.

நான் விடாப்பிடியா நிண்டிருக்கலாம், அடுத்த நாள் காம்புக்குப் போய் மாத்தியிருக்கலாம். போகேல்லை. உண்மையைச் சொன்னால், அவவின்ர கணக்கு எனக்கும் சரியாத்தான் பட்டது.

ஒன்பது புள்ளடி விழுந்தது. காய்ச்சல் விட்டது. சோறு ருசிச்சது. ஆரோ ஒருத்தர் கையில அக்கரையால ஒரு கடிதமும் வந்தது, சின்னவள் அடியில கோணல் மாணலா அம்மா எண்டு எழுதியிருந்தாள். அஞ்சு ஊசி மிச்சம் எண்டு நான் விரலில எண்ணிக் கொண்டிருந்தனான். துறைமுகப் பக்கம் ரெண்டு நாளா ஒரு சத்தமும் இல்லை. மச்சாளுக்கு அந்த அமைதி பிடிக்கேல்லை. ஏதோ நடக்கப் போகுது எண்டு வீட்டுக்குள்ளயும் வாசலிலயும் மாறி மாறி நடந்தா.

பத்தாம் நாள் விடியவே லவுட்ஸ்பீக்கரில அறிவிச்சவை. எல்லாரும் ஐடென்ரிக் காட்டோட பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேணும், வீட்டைப் பூட்டக் கூடாது. சுற்றிவளைப்பு. மச்சாள் ஓடி வந்து என்ர கையைப் பிடிச்சு, இதைக் கழட்டுவம், மருந்தைக் கிணத்தில போடுவம் எண்டா. பிளாஸ்டரில நகமும் வைச்சிட்டா. நான் அவவைத் தள்ளி விட்டன். முதல் நாள்தான் ஆஸ்பத்திரியில பழைய குழாயை மாத்த மூண்டு இடத்தில குத்திப் பார்த்து இந்த நரம்பைப் பிடிச்சவை. இது போனால் வேற நரம்பு இல்லை, இப்ப நிப்பாட்டினால் போட்ட ஊசி எல்லாம் வீண், எனக்கு ரெண்டு பிள்ளைகள் இருக்கு மச்சாள் எண்டு சொன்னன். அவ என்னைப் பார்த்தா. பிறகு மருந்தையும் சிறிஞ்சையும் ஒரு பையில போட்டு மாப் பேணிக்குள்ள தாட்டா. ஆயிஷா உம்மாவின்ர முழுக்கைச் சட்டையை எடுத்து எனக்குப் போட்டு விட்டதும் அவதான்.

மைதானத்தில வெயில். ஒரு ஜீப்புக்குள்ள ஆளைக் காட்டிக் குடுக்க, தலையைச் சாக்கால மூடின ஒருவன் இருந்தான். சனம் லைனில அவனுக்கு முன்னால நடக்க வேணும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை ஒதுக்கிப் போடுவாங்கள். எனக்கும் மச்சாளுக்கும் அவன் ஆட்டேல்லை. தப்பினம் எண்டு மூச்சு விட்டன். அப்பதான் ஒரு ஆமிக்காரன் என்ர சட்டையைப் பார்த்தான். அந்த வெயிலில அவ்வளவு தமிழ்ப் பொம்பிளையளுக்குள்ள முழுக்கைச் சட்டை போட்டவ நான் ஒருத்திதான். கையைச் சுருட்டச் சொன்னான். சுருட்டினன். தங்கட பெரியவனைக் கூப்பிட்டான்.

வருத்தம் எண்டு சொன்னன். டொக்டரின்ர கடிதம் எங்க எண்டு அந்தப் பெரியவர் கேட்டார். வீட்டில எண்டு சொல்ல, என்ர குரலே எனக்குப் பொய்யாக் கேட்டது. கொஞ்ச நேரத்தால வீடு தேடப் போனவங்கள் வந்தாங்கள். மா அப்பின மருந்துப் பை, சீலைக்குக் கீழ இருந்த கடிதம், கதவில இருந்து கிழிச்ச பட்டியல், மூண்டும் அவரின்ர கையில. கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சார். "ஹார்ட்?" எண்டார். ஓம் எண்டன். கடிதத்தையும் மருந்துப் பையையும் திரும்ப என்ர கையில தந்தார். எனக்கு அவரைக் கும்பிட வேணும் போல இருந்தது. பிறகு பட்டியலைத் தூக்கிப் பிடிச்சுத் தமிழில மெதுவாக் கேட்டார், ஆருக்குக் கலியாணம் எண்டு.

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாய் திறக்கேல்லை. எனக்கும் தெரியும், நானும் சம்மதிச்சனான் எண்டு சொல்ல எனக்கு ரெண்டு வசனம் காணும். அந்த ரெண்டு வசனத்தை நான் இண்டு வரைக்கும் மனசில சொல்லிக் கொண்டு இருக்கிறன்.

மச்சாள் லைனை விட்டு முன்னால வந்தா. "எழுதினது நான். கையெழுத்தும் என்ர. அவவுக்கு ஒண்டும் தெரியாது."

ஒரு பொய்யை இவ்வளவு வடிவா எழுதின ஆள் வேற என்ன எழுதியிருப்பா எண்டு அந்தப் பெரியவர் கேட்டார். அவவை லொறிக்குக் கூட்டிக் கொண்டு போனாங்கள். ஏற முதல் திரும்பிப் பார்த்தா. "பத்து மணிக்கு ஊசி," எண்டா.

நான் லொறிக்குப் பின்னால நடந்தன். காம்ப் வாசலில போய் நிண்டன். மருந்துப் பை கையில. பத்து மணி போனது எனக்குத் தெரியும். பதினொண்டு போனதும் தெரியும். ஆஸ்பத்திரி கால்மணி நேர நடை, ஆள் அனுப்பினாலே ஊசி போட நேர்ஸ் வந்திருப்பா. ஆனால் நான் போன நேரம் பார்த்து அவவை விட்டிட்டால், வாசலில ஒருத்தரும் இல்லாமல் அவ தனிய நிக்க வேணுமே எண்டு ஒரு மொக்கு நினைப்பு. பின்னேரம் எல்லாரையும் கலைச்சு விடும் மட்டும் நிண்டன். வீட்டை வர ஊரடங்கு துவங்கிட்டுது. என்ர கையால எனக்கு ஊசி போடப் பார்த்தன், ஒத்தைக் கையால ஏலாமல் மருந்து நிலத்தில சிந்திப் போச்சு.

அடுத்த நாள் டொக்டரிட்டச் சொன்னன். அவர் ஏசேல்லை. ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும். குழாயை நெஞ்சில வைச்சுக் கன நேரம் கேட்டிட்டு, கடைசியில ஒரு நாள் கூட்டிப் போடுவம், பிறகு இரத்தம் எடுத்துப் பார்ப்பம், அதுவரைக்கும் ஒண்டும் சொல்ல ஏலாது எண்டார். காம்புக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார். காலமை ஊசி, பிறகு கடிதத்தோட காம்ப் வாசல், இப்பிடி நாலு நாள். கலண்டரில புள்ளடியை நானே போட்டன். அந்தப் பத்தாம் நாள் பெட்டி மட்டும் வெறுமையாக் கிடந்தது. உடம்பு லேசாச் சுட்டாலும் அந்தப் பெட்டிதான் நினைவு வரும்.

ஆறாம் நாள் காலமை கேற் சத்தம் கேட்டது. மச்சாள். அதே சீலை. வலக்கையை இடக்கையால தாங்கிப் பிடிச்சிருந்தா. நான் ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்கப் போக, விலத்திக் கொண்டு நேர குசினிக்குப் போனா. தண்ணி குடிக்கப் போறா எண்டு நினைச்சன். கலண்டருக்கு முன்னால போய் நிண்டா.

"அண்டைக்கு ஏன் போடேல்லை?"

"உங்களுக்காகக் காம்ப் வாசலில நிண்டனான் மச்சாள்."

அவ திரும்பி என்னைப் பார்த்தா. கோவம் இல்லை அது. "அப்ப நான் என்னத்துக்கடி போனனான்?" எண்டா.

வால்வு தப்பினது, பிறகு எடுத்த இரத்தத்தில கிருமி இல்லை எண்டு வந்தது, லோஞ்ச் ஓடத் துவங்கி நான் பிள்ளைகளிட்டப் போனன், எல்லாம் உண்மை. அவ திரும்ப ரைப் அடிக்கேல்லை, கந்தோரில கடிதம் பிரிச்சு வைக்கிற இடத்துக்கு மாத்தினவை, அதுவும் உண்மை. கைக்கு என்ன எண்டு கேட்டால் விழுந்தனான் எண்டுவா. அவ அண்டைக்குக் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை.

அண்டைக்குக் கடைசி ஊசி மிச்சம் இருந்தது. அவ சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினா, வலக்கை விரல் மடங்கேல்லை. தூளைக் கரைக்க என்னைப் போத்தலைப் பிடிக்கச் சொன்னா. இடக்கையால, மெல்ல மெல்ல, தள்ளினா. இருநூறும் தாண்டிப் போச்சு, ரெண்டு பேரும் வாய்விட்டு எண்ணிக் கொண்டே இருந்தம். பிறகு பென்சிலை இடக்கையால எடுத்து அண்டையப் பெட்டியில கோணலா ஒரு புள்ளடி போட்டா. பத்தாம் நாள் பெட்டியை அப்பிடியே விட்டா.